தடயம் எவ்வளவு சொல்லும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தாராவி வாசகர் ஒருவர், ‘பஞ்சநாமா’ என்றால் என்ன என்று கேட்டிருந்தார். நம் ஊரில் மகஜர் என்று சொல்வதைத்தான் மும்பையில் பஞ்சநாமா என்கிறார்கள் என்றும், சம்பவ இடத்தில் கண்டதையும் எடுத்ததையும் சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கும் ஆவணம் அது என்றும் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டுக்கு மேல் போய்விட்டன. கைரேகை, நஞ்சு, மண்டையோடு, மரபணு என்று கேட்காத பொருளில்லை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் தடய அறிவியலுக்கே. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் நின்றவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. ஆய்வகம் என்ன கண்டது என்பதைவிட, கண்டதைக் கொண்டு நீதிமன்றம் எதுவரை நம்பியது என்பதிலேயே என் கண் நிற்கும். அது தொழில் கொடுத்த பழக்கம்.

கேள்வி: கைரேகையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறை லண்டனின் ஸ்காட்லாந்து யார்டில் தோன்றியது என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். கல்கத்தாவில் தோன்றியது என்று நண்பன் சொல்கிறான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், மாட்டுங்கா

நண்பர் சொல்வதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. லண்டனில் கைரேகைப் பிரிவு தொடங்கியது 1901ஆம் ஆண்டில். கல்கத்தாவில் 1897லேயே தொடங்கிவிட்டது.

கதை அதற்கும் 40 ஆண்டுகள் முன்னதாக, வங்காளத்தின் ஜங்கிபூரில் ஆரம்பிக்கிறது. அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1858ஆம் ஆண்டு, சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். பின்னாளில் ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று அவர் மறுத்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம்; குற்றம், கொலை என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. பிறகு ஹூக்ளியில், ஓய்வூதியம் வாங்க வருபவர் உரியவர்தானா என்று பார்க்கவும் அதே முறையைக் கையாண்டார். 1880இல் ஜப்பானில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், சம்பவ இடத்து ரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒருவரின் ரேகை ஆயுள் முழுவதும் மாறுவதில்லை என்பதை பிரான்சிஸ் கால்டன் 1892இல் நூலாகவே நிறுவினார்.

ஆனால் ரேகை தனித்தன்மை உடையது என்று தெரிந்தால் மட்டும் போலீசுக்கு என்ன பயன்? பல்லாயிரம் ரேகைத் தாள்கள் குவிந்து கிடக்கும்போது, கையில் கிடைத்த ஒரு தாளுக்கு ஜோடி எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடுவது? இந்த இடத்தில்தான் கல்கத்தா வருகிறது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஸிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பில் ஒரு வகைப்பாடு உருவாயிற்று. நம் ரேகை சோதிடர்கள் விரலில் சங்கு, சக்கரம் பார்ப்பார்கள் அல்லவா? அவர்கள் சக்கரம் என்று சொல்லும் சுழிதான் இங்கும் திறவுகோல். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாக்கி, முதல் ஜோடியில் சுழி இருந்தால் 16, அடுத்ததில் 8, பின் 4, 2, 1 என்று மதிப்புக் கொடுக்கிறார்கள். ஜோடியின் ஒரு விரல் மேலெண்ணுக்கும் மற்றது கீழெண்ணுக்கும் போகிறது. இரண்டு கூட்டுத்தொகைகளோடும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, ஆக 1,024 அறைகள். எந்தத் தாளும் இவற்றுள் ஒன்றில்தான் இருக்கும். கணினி வருவதற்கு முன்னால் உலகத்தின் பெரும்பகுதி இந்தக் கணக்கை நம்பியே தேடியது. அதற்கு ‘ஹென்றி முறை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஹக்கும் போஸும் அவர் பெயருக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

இந்த முறை பயன்பட்ட முதல் வழக்குகளுள் ஒன்றை விரிவாகவே சொல்ல வேண்டும். ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியிலிருந்த பணம் போயிருந்தது. அங்கே கிடந்த வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் பழுப்பாக ஒரு விரல் தடம் இருந்தது. முன்பு அவரிடம் வேலை பார்த்துத் திருட்டுக்காகச் சிறை சென்றிருந்த காங்காலி சரண் என்பவரின் வலது கட்டைவிரல் ரேகை கல்கத்தாவில் இருந்தது. அதனோடு இது பொருந்தியது. 1898இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை! பஞ்சாங்கத்தை அவர் தொட்டார் என்பதை ரேகை சொன்னது. கத்தியைப் பிடித்தார் என்பதை அது சொல்லவில்லை, பார்த்தவர்களும் இல்லை. பின்னால் வந்த எத்தனையோ தீர்ப்புகளைவிட இதில் நிதானம் அதிகம் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே, 1899இல், இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, ரேகை நிபுணரின் கருத்தையும் ஏற்கத்தக்கதாகச் சேர்த்தார்கள்.

அர்ஜென்டினாவையும் சொல்லாவிட்டால் பேராசிரியர் என்னைப் பிடித்துக்கொள்வார். அங்கே 1892ஆம் ஆண்டிலேயே, தன் இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டு அண்டை வீட்டுக்காரர் மீது பழி போட்ட ஒரு தாயை, கதவில் பதிந்த ரத்தம் தோய்ந்த கட்டைவிரல் தடம் காட்டிக்கொடுத்தது. அந்த அண்டை வீட்டுக்காரர் அதற்குள் போலீசிடம் பட்ட அடி திரும்ப எடுக்க முடியாதது.

கேள்வி: பழைய கதைகளில் பாலில் பாஷாணம் கலந்து கொடுத்து எளிதாகத் தப்பிவிடுகிறார்களே, அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?
– வாசகி, டோம்பிவிலி

நெடுங்காலம் இல்லை. வெள்ளைப் பாஷாணத்துக்கு, அதாவது ஆர்சனிக்குக்கு, மணமும் கிடையாது, சொல்லத்தக்க சுவையும் கிடையாது. உண்டவருக்கு வரும் உபாதை வாந்திபேதியைப் போலவே இருக்கும். காலரா அலைந்து திரிந்த காலத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்?

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், தாத்தாவுக்கு நஞ்சு கொடுத்ததாக ஒரு பேரன் மீது வழக்கு நடந்தது. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ், பாஷாணம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்குள், சோதனையில் அடியில் படிந்த மஞ்சள் வீழ்படிவு கெட்டுப்போயிற்று, ஜூரிகள் பேரனை விட்டுவிட்டார்கள். அந்த எரிச்சலில் அவர் உழைத்துக் கண்டதுதான் 1836ஆம் ஆண்டின் மார்ஷ் சோதனை. சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் எழும் வாயுவை எரித்து, தீக்கு எதிரில் பீங்கானைப் பிடித்தால், பாஷாணம் இருக்குமானால் கருமையான பளபளப்பான படலம் படியும். படலம் கெடாது, ஜூரிகள் கையில் கொடுத்துக் காட்டலாம். ஒரு சிக்கல் உண்டு. துத்தநாகத்திலேயே பாஷாணக் கலப்பு இருக்கக்கூடும். அதனால் வெறும் துத்தநாகத்தை முதலில் தனியே சோதித்துக் காட்டாமல் வந்த முடிவுக்கு மதிப்பில்லை.

நம் நாட்டில் இப்படிப்பட்ட வேலைக்கென்று முதன்முதலில் அரசு வேதியியல் ஆய்வகம் அமைந்தது சென்னையில், 1849ஆம் ஆண்டில். கல்கத்தாவுக்கு 1853இலும், பம்பாய்க்கு 1870இலும்தான் வந்தது. பம்பாயில் அந்த அதிகாரிக்குக் கெமிக்கல் அனலைசர் என்று பெயர். இன்றைக்கும் மும்பை வழக்கறிஞர்கள் காலினாவில் உள்ள தடயவியல் ஆய்வகத்தின் அறிக்கையை ‘சி.ஏ. ரிப்போர்ட்’ என்றே கேட்டு வாங்குவது அதன் எச்சம்.

கேள்வி: ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றி என் பாட்டி அடிக்கடி சொல்வார். குற்றவாளிகள் பம்பாய்க்கு ஓடிவந்தார்களாமே? அந்த வழக்கில் அறிவியலுக்கு என்ன பங்கு?
– வாசகி, செம்பூர்

பாட்டி சரியாகவே சொல்லியிருக்கிறார். 1952ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயிலில், துர்நாற்றம் தாங்காமல் பயணிகள் முறையிட, மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல் ஒன்று இருந்தது. அதே நாட்களில் சென்னையில் பேனாவும் பிளாஸ்டிக் பொருள்களும் விற்றுவந்த ஆளவந்தாரைக் காணவில்லை என்று அவருடைய மனைவி தேடிக்கொண்டிருந்தார். பிறகு ராயபுரம் கடற்கரையில், சட்டையில் சுற்றிய தலை ஒன்று ஒதுங்கியது.

அப்போது போலீசார் முன் இருந்த முதல் கேள்வி, கொன்றவர் யார் என்பதுகூட அன்று. இறந்தவர் யார் என்பதே. ஓரிடத்தில் உடல், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தலை. இரண்டும் ஒருவருடையவைதாமா, அவர் ஆளவந்தார்தானா என்ற இரண்டு கண்ணிகளையும் தனித்தனியே கோத்தாக வேண்டும். காதில் குத்தியிருந்த துளைகளையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பல்லையும் பார்த்து மனைவி தலையை அடையாளம் சொன்னார். சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள் உடலையும் தலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆளவந்தார் முன்பு ராணுவத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் அங்கே அவருடைய கைரேகைப் பதிவு இருந்தது. உடலின் ரேகை அதனோடு பொருந்தியது. ஜங்கிபூரில் ஒப்பந்தத்துக்காகத் தொடங்கிய பழக்கம், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ஓர் அலுவலகக் கோப்பிலிருந்து எழுந்து வந்து பெயரற்ற ஓர் உடலுக்குப் பெயர் கொடுத்தது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தேவகி, அவருடைய கணவர் பிரபாகர மேனன் ஆகிய இருவரும் பம்பாயில் பிடிபட்டார்கள். நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் முன்னிலையில் நடந்த விசாரணையின் முடிவில் மேனனுக்கு ஏழாண்டும் தேவகிக்கு மூன்றாண்டும் தண்டனை கிடைத்தது. கொலைக்குற்றத்துக்கு உரிய தூக்கோ ஆயுளோ இல்லை. ஆளவந்தார் தேவகியிடம் நடந்துகொண்ட விதம் வழக்கில் வெளிவந்ததும், நீதிபதியின் மனம் அவர்கள்பால் இளகியதும் அதற்குக் காரணங்கள். இறந்தவர் யார் என்பதைப் பல்லும் ரேகையும் சொல்லின. ஏன், எந்த மனநிலையில் என்பதை மனிதர்கள்தாம் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: மண்டையோட்டின் மீது புகைப்படத்தை ஏற்றிப் பொருத்தி ஆளைக் கண்டுபிடிப்பதாகப் படித்தேன். இது எப்போது தொடங்கியது?
– வாசகர், சயான் கோலிவாடா

இதற்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பெருமைப்பட்டுக்கொள்ளும் சம்பந்தம் அன்று. பம்பாயில் பிறந்து இங்கேயே மருத்துவம் படித்த பார்சி ஒருவர், இங்கிலாந்து சென்று தம் பெயரை பக் ரக்ஸ்டன் என்று மாற்றிக்கொண்டு லங்காஸ்டரில் மருத்துவராக இருந்தார். 1935 செப்டம்பரில் அவருடைய மனைவியாக வாழ்ந்த இசபெல்லாவும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் மேரி ரோஜர்சனும் காணாமற்போனார்கள். அம்மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் மாஃபட் அருகே ஒரு பள்ளத்தாக்கில் துண்டு துண்டான உடற்பகுதிகள் கிடைத்தன. முகத்திலும் விரல்களிலும் அடையாளம் சொல்லக்கூடியவை பெரும்பாலும் அகற்றப்பட்டிருந்தன. செய்தவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கிறது என்பதை அந்த முன்னெச்சரிக்கையே அறிவித்துவிட்டது.

ஜான் கிளெய்ஸ்டர், ஜேம்ஸ் பிராஷ் என்ற இரு பேராசிரியர்கள் மண்டையோட்டை அதே கோணத்தில் படமெடுத்து, இசபெல்லாவின் புகைப்படத்தின் மேல் ஏற்றிப் பார்த்தார்கள். கண்குழி, மூக்கு, தாடை எல்லாம் ஒத்துவந்தன. உடல்களில் இருந்த புழுக்களின் வளர்ச்சியைக் கொண்டு ஏறக்குறைய எத்தனை நாட்கள் ஆயின என்று கணக்கிட்டார்கள். பொட்டலம் சுற்றிய செய்தித்தாளோ, லங்காஸ்டர் வட்டாரத்துக்கு மட்டும் அச்சான சிறப்புப் பதிப்பாக இருந்தது. ரக்ஸ்டன் 1936 மே மாதம் மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்டார்.

இவற்றுள் என்னை வியக்கவைப்பது செய்தித்தாள்தான். அதற்கு நிபுணரே வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும். மண்டையோட்டுப் பொருத்தம் ‘இது இவருடையதாக இருக்கலாம்’ என்பதற்கும் ‘இது அவருடையதாக இருக்க முடியாது’ என்பதற்கும் துணை நிற்கும். ‘இது இவருடையதே’ என்று தனியாக நின்று சொல்லும் வலிமை அதற்கு இல்லை.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை வந்த பிறகு தவறே நேர வாய்ப்பில்லை என்று என் மகன் வாதிடுகிறான். சரிதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நெருல்

உங்கள் மகனுக்கு இரண்டு கதைகளைச் சொல்லுங்கள்.

முதலாவது, அவர் பக்கம் பேசும் கதை. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்தார். அந்த வட்டாரத்திலேயே 1983இலும் 1986இலும் 15 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டுவிட்டான். முதலாவதும் இவன்தான் என்று நிரூபிக்கத்தான் போலீசார் ஜெஃப்ரீஸிடம் போனார்கள். இரண்டையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்தப் பையன் அல்லன் என்று வந்தது முடிவு! ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருந்தும் பையன் விடுதலையானான். பிறகு சுற்று வட்டாரத்து ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் மாதிரி எடுத்தார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக உடன் வேலை செய்பவரை அனுப்பி ரத்தம் கொடுக்கவைத்தான். அந்த ஆள் மதுக்கடையில் வாய்விட்டு உளறியதால் 1987இல் பிடிபட்டான். ஆக, இந்த அறிவியல் ஒரு கொலை வழக்கில் முதன்முதலாகச் செய்த காரியம் நிரபராதியை விடுவித்தது. குற்றவாளியைப் பிடித்ததில் பாதிப் பங்கு ஒரு வம்புப்பேச்சுக்குப் போகிறது.

இரண்டாவது கதை ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்தைச் சேர்ந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணைப் பல ஆண்டுகள் தேடினார்கள். 2009இல் உண்மை தெரிந்தது. மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் மரபணு அது. குச்சிகளில் கிருமி இல்லை, மரபணு இருந்தது. ஒவ்வொரு சோதனையும் தன்னளவில் சரியாகவே நடந்தது. சோதிக்கும் கருவியையே சோதிக்காமல் விட்டதுதான் பிழை, மேலே சொன்ன துத்தநாகத்தைப் போல.

இந்தியாவில் இம்முறையை நிலைநாட்டியவர் ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங். கட்டுவிரியன் வகைப் பாம்பின் மரபணுவை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு துண்டையே கருவியாக்கி, மனிதர்களைப் பிரித்தறியும் முறையை அவர் உருவாக்கினார். கேரளத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அது நீதிமன்றத்தில் முதலில் ஏற்கப்பட்டது. 1995இல் டெல்லியை உலுக்கிய தந்தூரி அடுப்பு வழக்கில், கருகிய உடல் யாருடையது என்பதைப் பெற்றோரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்ததும் அவருடைய ஆய்வகமே.

தவறு நேர்வதில் கைரேகையும் விதிவிலக்கன்று. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. கூறி அவரைக் காவலில் வைத்தது; அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீசார் நிறுவிய பின் மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: உண்மை கண்டறியும் ஊசியைப் போட்டுவிட்டால் இத்தனை ஆய்வும் எதற்கு?
– வாசகர், தாராவி

அப்படி நினைத்துத்தான் நம் நாட்டில் சில ஆண்டுகள் அந்த ஊசிக்குப் பெரும் கிராக்கி இருந்தது. மயக்கத்தில் மனிதன் உண்மையும் பேசுவான், கற்பனையும் பேசுவான், கேட்பவர் எதிர்பார்ப்பதையும் பேசுவான். 2010 மே 5ஆம் நாள், ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்ற வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி நார்கோ எனப்படும் இந்த ஊசிச் சோதனையோ, பொய் கண்டறியும் சோதனையோ, மூளைப் பதிவுச் சோதனையோ செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊசி கூடாது என்றால் கைரேகை மட்டும் எப்படிக் கூடும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு 1961ஆம் ஆண்டிலேயே, ‘பம்பாய் அரசு எதிர் காத்தி காலு ஓகட்’ வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து விடை சொல்லிவிட்டார்கள். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பு. ரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது, ஏனென்றால் அதில் ஒருவர் தன் மனத்தில் உள்ளதை வெளியிடுவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசார் வருவதற்குள் என் மனைவி வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டார். ரேகை எடுக்க வந்தவர் கோபித்துக்கொண்டார். என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், முலுண்ட்

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்நியர் மிதித்த வீட்டைக் கழுவத் தோன்றுவது இயல்புதான். அடுத்த முறை (அது வரவே வேண்டாம்) தொலைபேசியில் புகார் சொன்னவுடன் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். பீரோ, கதவுப்பிடி, ஜன்னல் கம்பி எதையும் தொடாதீர்கள்; என்ன போயிற்று என்று எண்ணிப் பார்ப்பதுகூடப் பிறகு ஆகட்டும். தொடர்பு ஏற்பட்ட இடத்தில் ஏதேனும் தங்கும் என்ற எண்ணத்தை வைத்துத்தான் எட்மண்ட் லொகார் 1910இல் பிரான்சின் லியோன் நகர நீதிமன்றத்து மாடியில் இரண்டு சிற்றறைகளில் தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். திருடனுடையது தங்குவது போலவே வீட்டாருடையதும் தங்கும் என்பதால், உங்கள் குடும்பத்தார் ரேகைகளையும் கேட்பார்கள். ஒதுக்கிவிடுவதற்காகத்தான், தவறாக எண்ண வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறது. ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. அதற்குள் யாராவது உங்களிடம் ரத்தக்கறை பட்ட துணி எதையேனும் பத்திரப்படுத்தச் சொன்னால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடித்து மரபணு சிதைந்துவிடும். நிழலில் உலரவிட்டுக் காகித உறையில் வைக்க வேண்டும். உறையின் மேல் நாள், நேரம், எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதிவிடுங்கள். கூண்டில் நிற்கும்போது முதலில் கேட்கும் கேள்விகள் அவைதாம்.